இன்பாக்ஸை ஒழுங்கு செய்வது: கோப்புறைகள் ஏன் அவ்வளவாக உதவுவதில்லை?

மின்னஞ்சலை ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், ‘ஃபோல்டர் போட்டுப் பிரிச்சு வைங்க’ என்பதுதான். வங்கிக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று, பிள்ளைகளின் பள்ளிக்கு ஒன்று, வீட்டு வரிக்கு ஒன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பீரோவில் துணி அடுக்கிப் பழகியவர்களுக்கு இயல்பாகத் தோன்றுகிற யோசனை. ஆனால் இது உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்துகிறதா என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். முடிவு, நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது.

அந்த ஆய்வுகளையும், அவற்றை வைத்து நான் எங்கள் வீட்டில் செய்து பார்த்த முறையையும் இங்கே எழுதுகிறேன். சுருக்கம் இதுதான்: மின்னஞ்சலில் நம் நேரம் போவது பழைய கடிதத்தைத் தேடுவதில் அல்ல. ஒரே கடிதத்தைத் திறந்து, ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று மூடி, மறுநாள் மறுபடி திறந்து, மறுபடி மூடுவதில்தான் போகிறது. நேரத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் உண்டு. அப்படி மூடிவைத்த கடிதங்களில் ஏதோ ஒன்றுக்குக் கெடு இருக்கும்.

ஐம்பது வருஷத்துப் பிரச்சினை

கணினி வலையமைப்பு வழியாக ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு முதன்முதலில் மின்னஞ்சல் அனுப்பியவர் ரே டாம்லின்சன். வருடம் 1971. பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க ‘அட்’ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ‘ஆர்ப்பா’ அமைப்பு நடத்திய ஆர்பாநெட் வலையமைப்பில் இது நடந்தது.

அடுத்த வருடமே தொந்தரவு தொடங்கிவிட்டது. அன்றைய மென்பொருளில் வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே நீளமான கோப்பாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும். பத்தாவது கடிதம் வேண்டுமென்றால் முதல் ஒன்பதையும் தாண்டித்தான் போகவேண்டும். ஆர்ப்பாவின் இயக்குநர் ஸ்டீபன் லூகாசிக் மின்னஞ்சலை விரும்பிப் பயன்படுத்தியவர். அவருக்கே சமாளிக்க முடியவில்லை. அவருடைய குறையைக் கேட்டு, அங்கே பணியாற்றிய லாரி ராபர்ட்ஸ் 1972இல் ‘ஆர்டி’ என்ற சிறிய நிரலை எழுதினார். கடிதங்களைப் பட்டியலாகக் காட்டும். வேண்டியதைத் திறக்கலாம், சேமிக்கலாம், அழிக்கலாம். இன்று நாம் பார்க்கும் இன்பாக்ஸ் பட்டியலின் மூதாதை அதுதான். மொத்தமே சில நூறு பேர் புழங்கிய காலத்தில் ஏற்பட்ட தேவை இது என்பதைக் கவனியுங்கள்.

அழைக்காத விளம்பரமும் சீக்கிரமே வந்துவிட்டது. 1978 மே மாதம், ‘டிஜிட்டல் எக்விப்மென்ட்’ என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து கேரி துர்க் என்பவர் தங்கள் புதிய கணினிகளைப் பற்றி ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே அஞ்சலை அனுப்பினார். முதல் ஸ்பாம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பலர் கோபப்பட்டார்கள். வியாபாரமும் நடந்தது. பிறகு நடந்ததை நம் இன்பாக்ஸே சொல்லும்.

அடுக்குவோர், அடுக்காதோர், போகிக்காரர்கள்

1996இல் ஸ்டீவ் விட்டேக்கர், கேண்டஸ் சிட்னர் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு அலுவலகத்தில் 20 பேர் மின்னஞ்சலை எப்படிக் கையாள்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தார்கள். இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிற கட்டுரை அது. மூன்று வகை ஆட்களைக் கண்டார்கள்.

முதல் வகை, தினமும் இன்பாக்ஸைத் துடைத்து எல்லாவற்றையும் கோப்புறையில் போடுபவர்கள். இரண்டாம் வகை, எதையும் எங்கேயும் போடாமல் அப்படியே குவிய விடுபவர்கள். மூன்றாம் வகை, மாதக்கணக்கில் குவியவிட்டு, திடீரென்று ஒருநாள் வெறிபிடித்தமாதிரி சுத்தம் செய்பவர்கள். மேற்கு நாடுகளில் வசந்த காலத்தில் வீடு கழுவும் பழக்கத்தை வைத்து அவர்களுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். நம்மூர்க் கணக்கில் போகிக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர்கள் கண்ட இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனிதர்கள் இன்பாக்ஸைக் கடிதப் பெட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அதுவே செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல். அதுவே ஆவணப் பெட்டி. அதுவே பேச்சு நடக்கிற திண்ணை. கடிதத்தைக் கோப்புறையில் போட்டுவிட்டால் கண்ணிலிருந்து மறைந்து, வேலையும் மறந்துபோகும் என்ற பயம் பலருக்கு இருந்தது. அந்தப் பயம் நியாயமானது. ‘அன்ரெட்’ என்று திரும்பத் திரும்பக் குறித்துவைக்கிறோமே, அதற்கும் இதுதான் காரணம். ‘படிச்சுட்டேன், ஆனா வேலை முடியலை’ என்று சொல்ல இன்பாக்ஸில் வேறு வழி இல்லாததால் நாமே கண்டுபிடித்த குறுக்குவழி அது.

17 நொடியும் 58 நொடியும்

பதினைந்து வருடம் கழித்து, 2011இல், அதே விட்டேக்கர் ஐபிஎம் ஆய்வாளர்கள் சிலருடன் சேர்ந்து நேரடியாகவே கேட்டார்: மின்னஞ்சலை அடுக்கி வைப்பதில் நான் நேரத்தை வீணாக்குகிறேனா? ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே ஏறக்குறைய அதுதான். இந்த முறை 20 பேர் இல்லை, 345 பேர். பழைய அஞ்சலைத் தேடி எடுத்த 85,000க்கும் மேற்பட்ட செயல்களை மென்பொருள் வழியாகப் பதிவு செய்து பார்த்தார்கள்.

தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டித் தேடியபோது சராசரியாக ஏறத்தாழ 17 நொடி. கோப்புறை வழியாகப் போய்த் தேடியபோது ஏறத்தாழ 58 நொடி. சரி, நேரம் கூட ஆனாலும் அடுக்கி வைத்தவர்களுக்குக் கடிதம் நிச்சயமாகக் கிடைத்ததா? அதுவும் இல்லை. கண்டுபிடிப்பதில் அவர்கள் மற்றவர்களைவிடத் தேறவில்லை. ஆக, அடுக்குவதற்கு ஒரு செலவு, அடுக்கியதில் தேடுவதற்கு இன்னொரு செலவு.

காரணம் யோசித்தால் புரியும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கான வங்கி ரசீதை ‘வங்கி’யில் போடுவதா, ‘கல்லூரி’யில் போடுவதா, ‘வருமான வரி’யில் போடுவதா? போடும்போது ஒரு மனநிலை, தேடும்போது வேறு மனநிலை. கோப்புறையில் ஒரு கடிதத்துக்கு ஒரு முகவரிதான். தேடலுக்கோ கடிதத்தின் ஒவ்வொரு சொல்லும் ஒரு முகவரி.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். அது அலுவலக அஞ்சல்களைப் பற்றிய ஆய்வு. வீட்டு அஞ்சலில் பேச்சு குறைவு, ரசீதும் விளம்பரமும் அதிகம். அதனால் அந்த நொடிக்கணக்கை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் தேடுவதற்காக அடுக்கத் தேவையில்லை என்கிற மையக் கருத்து வீட்டு அஞ்சலுக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும் என்பது என் எண்ணம். ரசீதிலும் டிக்கெட்டிலும் பெயர், எண், தேதி எல்லாம் தெளிவாக அச்சாகி இருக்கும். தேடலுக்கு அதைவிட என்ன வேண்டும்?

சொல்லப்போனால் நம் தாத்தாக்கள் இதைச் செய்திருக்கிறார்கள். பழைய வீடுகளில் சுவரில் ஒரு கம்பி தொங்கும், நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். வந்த கடிதம், கரண்ட் பில், ரசீது எல்லாம் அதில்தான் குத்தப்படும். வகை பிரிக்கவே மாட்டார்கள். புதியது மேலே, பழையது கீழே. தேவையென்றால் மேலிருந்து புரட்டுவார்கள். கம்பி நிறைந்தால் போகிக்குக் கொஞ்சம் போகும். ஜிமெயிலின் ‘ஆர்க்கைவ்’ பொத்தான் அந்தக் கம்பிதான். தேடுவதற்கு ஒரு வேலையாளும் கூடவே நிற்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு கேஸ்

இதெல்லாம் வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். என் சித்தப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சித்திக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தது. கையிலிருந்து பணம் கட்டிவிட்டு, மருத்துவக் காப்பீட்டில் திரும்பக் கேட்டு எல்லாக் காகிதங்களையும் அனுப்பியிருந்தார். காப்பீட்டுத் தரப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது, மருத்துவரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள் என்று. பிறகு ஒரு நினைவூட்டல். பிறகு இன்னொன்று. நான்காவதாக வந்தது, ‘ஆவணம் வராததால் கோப்பு மூடப்படுகிறது’ என்ற அஞ்சல்.

நான்கும் அவர் இன்பாக்ஸில் இருந்தன. சேலைக் கடை, ஷேர் ஆப், வேலைவாய்ப்புத் தளம், மேட்ரிமோனி, அவர் என்றோ ஒருமுறை பீட்சா வாங்கிய கடை, இவற்றுக்கு நடுவே. ‘பணம் ஏன் இன்னும் வரலை’ என்று அவர் தொலைபேசியில் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மறுபடி விண்ணப்பம் எழுதி, கோப்பைத் திறக்கவைத்து, பணம் வர மேலும் சில மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில் அவர் நகைக்கடன் வைத்திருந்தார். அதற்கு வட்டியும் கட்டினார்.

அவர் சோம்பேறி இல்லை. தினமும் காலையில் மின்னஞ்சலைத் திறக்கிறவர்தான். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது கடிதம் வந்தால், மனிதக் கண் ஒருகட்டத்தில் எல்லாவற்றையும் விளம்பரமாகவே பார்க்க ஆரம்பித்துவிடும். அவரிடம் கோப்புறைகள் இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும். ஏனென்றால் கோப்புறை என்பது பார்த்த பிறகு வைக்கிற இடம். அவருக்கு வேண்டியிருந்தது, பார்க்கவேண்டியதை மட்டும் வாசலில் விடுகிற ஒரு ஏற்பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து இரண்டு பேரும் செய்தோம். அந்த முறையைத்தான் கீழே தருகிறேன். ஜிமெயிலை வைத்துச் சொல்கிறேன். மற்ற சேவைகளிலும் ஏறக்குறைய இவையே உண்டு.

முதலில்: என்னென்ன வருகிறது?

தனிப்பட்ட அஞ்சலில் எது வந்தாலும் நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

1. யாரோ பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.
2. குறிப்பிட்ட தேதிக்குள் நாம் ஏதோ செய்யவேண்டும். பிரீமியம், கட்டணம், ஆவணம், அரசு அறிவிப்பு.
3. சாட்சிக் காகிதம். ரசீது, டிக்கெட், ஸ்டேட்மென்ட். செய்ய ஒன்றுமில்லை, என்றாவது கேட்டால் காட்டவேண்டும்.
4. சந்தைக் கூச்சல்.

முதல் இரண்டும்தான் நம் கவனத்துக்கு உரியவை. எண்ணிக்கையில் மிகக் குறைவு. சித்தப்பாவின் பெட்டியில் ஒரு வாரத்துக்கு அவை பத்தைத் தாண்டவில்லை. மூன்றாவது நேராகக் கம்பிக்குப் போகவேண்டும். நான்காவது வாசலிலேயே நிற்கவேண்டும்.

வாசலை அடைப்பது

அதிக நேரம் மிச்சமாகிற இடம் இதுதான். ஒரு கடிதத்தை அழிக்க இரண்டு நொடி. ஆனால் அனுப்புகிறவர் தினமும் அனுப்புவார். அன்சப்ஸ்கிரைப் செய்ய இருபது நொடி, அதோடு முடிந்தது.

‘அன்சப்ஸ்கிரைப் பண்ணினாலும் நிக்காது’ என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. முன்பு அதில் நியாயமும் இருந்தது. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புகிற நிறுவனங்களுக்கு விதி போட்டன: விளம்பர அஞ்சல்களில் ஒரே அழுத்தில் விலகுகிற வசதி இருக்கவேண்டும், விலகியவர்களை இரண்டு நாளுக்குள் பட்டியலிலிருந்து நீக்கவேண்டும். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களை கூகுள் இந்தக் கணக்கில் சேர்க்கிறது. மீறினால் அவர்களுடைய அஞ்சல்கள் ஸ்பாமுக்குப் போகிற அபாயம் உண்டு. வியாபாரிக்கு அது வலிக்கும்.

அதனால் அஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இணைப்பைத் தேட வேண்டாம். அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே காட்டுகிற ‘அன்சப்ஸ்கிரைப்’ பொத்தானை அழுத்துங்கள். 2025இல் ‘மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்று இடப்பக்கப் பட்டியலில் ஒரு பகுதியும் வந்திருக்கிறது. அதிகமாக அனுப்புகிறவர்கள் மேலே வருவார்கள். மேலிருந்து இருபது பேரை நீக்கினாலே பாதிக் கூச்சல் அடங்கிவிடும்.

ஒரே ஒரு ஜாக்கிரதை. நமக்குத் தெரிந்த, நாம் என்றோ கணக்குத் தொடங்கிய நிறுவனம் என்றால் அன்சப்ஸ்கிரைப். முன்பின் தெரியாதவர், லாட்டரி, ‘உங்கள் பார்சல் நிற்கிறது’ வகை என்றால் உள்ளே எந்த இணைப்பையும் தொடாமல் ‘ரிப்போர்ட் ஸ்பாம்’. அங்கே விலகப் போனால், ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்’ என்று நாமே சொன்னதாகிவிடும்.

இனிமேல் கடைகளில் முகவரி கேட்டால் என்ன செய்வது? ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுக்கலாம். கடிதம் உங்களுக்கே வரும். யார் முகவரியை விற்றார்கள் என்று பின்னால் தெரிந்துவிடும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது. அதற்காக இரண்டாவது கணக்கு ஒன்று வைத்துக்கொள்வதும் நல்ல வழி. ஆனால் இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கலாம் என்பது கூகுளின் கொள்கை. அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

பழைய குவியல்

இதில்தான் எல்லோரும் மலைத்துப்போய் நிற்கிறார்கள். இருபதாயிரம் கடிதத்தை யார் பிரிப்பது? யாரும் பிரிக்க வேண்டாம்.

ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று அறிமுகமானபோது 1 ஜிபி இடம் தந்தது. அப்போது ஹாட்மெயில் 2 எம்பி, யாஹூ 4 எம்பிதான் கொடுத்தன. தேதியைப் பார்த்துப் பலர் ஏப்ரல் ஃபூல் விளையாட்டு என்றே நினைத்தார்கள். இடத்தைவிட முக்கியமான மாற்றம், கோப்புறைக்குப் பதிலாக லேபிளும் தேடலும் வந்ததுதான். ஜிமெயிலில் கடிதம் ஒரே இடத்தில் கிடக்கிறது. ‘இன்பாக்ஸ்’ என்பதே அதன்மேல் ஒட்டிய ஒரு சீட்டு. ஆர்க்கைவ் செய்தால் அந்தச் சீட்டு மட்டும் உரியும். கடிதம் ‘ஆல் மெயில்’ பகுதியில் அப்படியே இருக்கும், தேடினால் வரும். யாராவது அதற்குப் பதில் எழுதினால் தானாகவே இன்பாக்ஸுக்குத் திரும்பும்.

எனவே செய்யவேண்டியது: கடைசி ஒரு மாதக் கடிதங்களை மட்டும் மேலிருந்து ஒரு பார்வை பாருங்கள். முதல் இரண்டு வகையில் சேருவதற்கு நட்சத்திரம் இடுங்கள். பிறகு கணினியில், மேலே உள்ள சதுரத்தைச் சொடுக்கினால் அந்தப் பக்கம் முழுதும் தேர்வாகும். ‘இந்தப் பகுதியில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்று ஒரு வரி தோன்றும். அதைச் சொடுக்கி, ஆர்க்கைவ். பிரைமரி, அப்டேட்ஸ் என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும். கடைசியில், நட்சத்திரம் இட்டவற்றை மட்டும் இன்பாக்ஸுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

சித்தப்பா என் கையைப் பிடித்துவிட்டார். “ஏப்பா, எல்லாத்தையும் அழிச்சுட்டா பின்னாடி தேவைப்பட்டா என்ன பண்றது?”

“அழிக்கலை சித்தப்பா. உள்ள எடுத்து வைக்கிறோம். தேடிப் பாருங்க.”

அவர் நம்பாமல், 2016இல் போன காசி யாத்திரையின் டிக்கெட்டைத் தேடினார். வந்தது. அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்தவிட்டார்.

இங்கே ஒரு நுட்பம்: ஆர்க்கைவ் செய்வதால் இடம் காலியாகாது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, ஜிமெயிலுக்கு மட்டுமல்ல, டிரைவுக்கும் ஃபோட்டோஸுக்கும் சேர்த்து. அது நிரம்பினால் புதிய அஞ்சல் வருவதே நின்றுவிடும். முக்கியக் கடிதம் தவறிப்போக இதைவிட மோசமான வழி இல்லை. தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சின்னத்தைச் சொடுக்கினால் ஒரு படிவம் விரியும். அதில் அளவு 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடி, வேண்டாததை அழியுங்கள். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் இடத்தை அடைப்பது கடிதங்கள் அல்ல, கைபேசியின் வீடியோக்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர்: மறைக்கவும், உயர்த்தவும்

அதே படிவத்தில் ‘கிரியேட் ஃபில்டர்’ என்று ஒன்று இருக்கிறது. பலரும் இதை வேண்டாததை ஒதுக்க மட்டும் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இதன் மறுபக்கம்தான் அதிகம் உதவுகிறது. காப்பீட்டு நிறுவனம், வங்கி, வருமான வரித்துறை, பிள்ளைகளின் பள்ளி, அடுக்ககச் சங்கம் என்று தவறவிடக் கூடாத அனுப்புநர்கள் ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அவர்களுடைய முகவரிகளைப் போட்டு, ‘நட்சத்திரம் இடு, ஸ்பாமுக்கு அனுப்பாதே, பிரைமரியில் காட்டு’ என்று ஒரு ஃபில்டர். விளம்பரம் எத்தனை வந்தாலும் இவை மேலே நிற்கும்.

மூன்றாம் வகைக் கடிதங்களுக்கு, உதாரணமாக உணவு டெலிவரி ரசீது, டாக்ஸி ரசீதுக்கு, ‘இன்பாக்ஸைத் தவிர்’ என்ற ஃபில்டர் போதும்.

ஆனால் வங்கியின் பணப்பற்று அறிவிப்புகளை மட்டும் அப்படி மறைத்துவிடாதீர்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல் வேறெங்கோ நடந்த மோசடியில் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. நான்கிலிருந்து ஏழு நாளுக்குள் என்றால் குறிப்பிட்ட வரம்பு வரை உங்கள் பொறுப்பு. வருமான வரிக்கும் இப்படி ஒரு கெடு உண்டு: தாக்கல் செய்த கணக்கில் குறை என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 139(9) பிரிவில் வரும் அறிவிப்புக்கு 15 நாளில் பதில் சொல்லவேண்டும். இவையெல்லாம் நம் பெட்டிக்குள் சத்தமில்லாமல் ஓடுகிற கடிகாரங்கள்.

தினசரி: திறந்தால் முடிவு

இவ்வளவும் செய்தபின் ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கடிதம்தான் கண்ணில் படும். அவற்றுக்கு ஒரே விதி: திறந்த கடிதத்தை ஒரு முடிவு எடுக்காமல் மூடக் கூடாது. முடிவுகள் நான்குதான்.

இரண்டு நிமிடத்தில் முடியுமா, இப்போதே செய்துவிடுங்கள். இது டேவிட் ஆலன் 2001இல் வெளியிட்ட ‘கெட்டிங் திங்ஸ் டன்’ நூலால் பிரபலமான விதி. தள்ளிப்போடுகிற வேலையை நினைவில் வைத்திருப்பதற்கே அதைவிட அதிகச் செலவாகும் என்பதுதான் இதன் தர்க்கம்.

இன்று முடியாதா, ‘ஸ்னூஸ்’ கொடுத்து எந்த நாள் செய்வீர்களோ அந்த நாளுக்கு அனுப்புங்கள். அன்று காலை புதுக்கடிதம்போல வந்து நிற்கும். கெடுத் தேதிக்கே வைக்காதீர்கள். மூன்று நாள் முன்னதாக வையுங்கள். ‘அன்ரெட்’ குறுக்குவழிக்கு இனி வேலையில்லை.

நாம் செய்துவிட்டோம், எதிராளியின் பதில் வரவேண்டுமா, ‘காத்திருப்பு’ என்று ஒரு லேபிள் போட்டு ஆர்க்கைவ் செய்யுங்கள். வாரம் ஒருமுறை அந்த லேபிளைத் திறந்து பார்த்தால் போதும். நான் வைத்திருக்கும் ஒரே லேபிள் இதுதான். காரணம், வராத கடிதத்தைத் தேடல் கண்டுபிடிக்காது.

வேறு ஒன்றும் இல்லையா, கம்பியில் குத்திவிடுங்கள்.

பின்னால் தேட வசதியாக ஒரு பழக்கமும் சொல்கிறேன். ஸ்கேன் செய்த காகிதத்தை உங்களுக்கே அனுப்பி வைக்கும்போது, பொருள் வரியைக் காலியாக விடாதீர்கள். ‘வீட்டு வரி ரசீது 2024 மதுரை வீடு’ என்று, நாளை எந்தச் சொற்களால் தேடுவீர்களோ அவற்றையே எழுதுங்கள். ஜிமெயில் பெரும்பாலும் முழுச் சொல்லாகத்தான் பொருத்திப் பார்க்கும். ஆகவே ‘ரசீதை’, ‘ரசீதுகளுக்கு’ என்று வேற்றுமை உருபு சேர்க்காமல் மூலச் சொல்லாகப் போடுவது நல்லது.

எத்தனை முறை பார்ப்பது?

2015இல் வெளியான ஒரு ஆய்வில், கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் இருவரும் 124 பேரை ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சல் பார்க்கச் சொன்னார்கள்; இன்னொரு வாரம் இஷ்டம்போல் பார்க்கச் சொன்னார்கள். மூன்று முறை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. அதற்கு முன், 2012இல், குளோரியா மார்க்கும் அவருடைய குழுவும் ஒரு அலுவலகத்தில் 13 பேரை ஐந்து நாள் மின்னஞ்சலே இல்லாமல் வேலை செய்யவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் திரைக்குத் திரை தாவுவது குறைந்தது. இதயத் துடிப்பின் அளவீட்டிலும் அழுத்தம் குறைந்தது தெரிந்தது. பதின்மூன்று பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் இரண்டு ஆய்வும் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன.

தபால்காரர் நாளுக்கு ஒருமுறை, பெரிய ஊர்களில் இரண்டு முறை வந்த காலத்தில் யாரும் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கவில்லை. வீட்டு அஞ்சலுக்குக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தாராளம். கைபேசியில் அறிவிப்பு ஒலியை நிறுத்திவிட்டு, வங்கிக்கு மட்டும் எஸ்எம்எஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

பூஜ்யம் தேவையில்லை

‘இன்பாக்ஸ் ஜீரோ’ என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மெர்லின் மேன் என்ற எழுத்தாளர் 2007இல் கூகுள் அலுவலகத்தில் ஆற்றிய உரையால் பரவியது. பெட்டியில் ஒரு கடிதமும் இருக்கக் கூடாது என்று பலரும் அதைப் புரிந்துகொண்டு, எண்ணிக்கையைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர் சொன்ன பூஜ்யம் கடிதங்களின் எண்ணிக்கை அல்ல. நம் மனம் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கிடக்கிற அளவு. பன்னிரண்டு கடிதம் இருக்கட்டும். பன்னிரண்டும் என்ன என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

செலவுக் கணக்கு இதுதான்: வாசலை அடைக்கவும் குவியலை ஏறக்கட்டவும் ஒரு மதியம். பிறகு தினமும் பத்து நிமிடம். மாதம் ஒருமுறை ஸ்பாம் பகுதியை ஒரு பார்வை, ஏனென்றால் அங்கே போனவை 30 நாளில் தானாக அழிந்துவிடும்.

ஒரு மதியம்கூட இப்போது கிடைக்காது என்றால், இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். தேடல் பெட்டியில் உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரைத் தட்டி, கடைசியாக வந்த ஐந்து கடிதங்களைத் திறந்து பாருங்கள். பிறகு வீட்டில் வயதானவர்கள் யாராவது மின்னஞ்சல் வைத்திருந்தால், அவர்களுடைய கைபேசியை வாங்கி, அதையே ஒருமுறை செய்துகொடுங்கள்.